பட்டர்வொர்த் வீடு: குடும்பக் குழு

அம்மா, இரவு 8.12
(பகிரப்பட்ட செய்தி) "தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் அடியோடு குணமாகும்!"
சின்னவளே, உன் மாதவிடாய் வலி நோயைப் பற்றித்தான், படித்தாயா? புட்டிப்பாலைக் குறை என்று இதற்குத்தான் சொன்னேன்.

சித்தி, 8.15
சுறாப்புட்டும் பூண்டும் சாப்பிடச் சொல்லுங்கள் அக்கா. பால் நன்றாக ஊறும்.

தங்கை, 8.31
98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் திரும்பியதிலிருந்து பால் குறைந்துவிட்டது அம்மா. இடைவேளையில் கறந்தாலும் இரண்டு அவுன்ஸ்கூடச் சேர்வதில்லை. போன வாரம் மாதவிடாய் வந்தது. பழைய வலி அப்படியே திரும்பிவிட்டது. பால் குறைந்ததால்தான் வந்ததா அக்கா?

நான், 9.05
இப்போதுதான் வேலை முடிந்தது. நீ எதையும் கெடுத்துவிடவில்லை, முதலில் அதை மனதில் வை.

அம்மா, அந்தச் செய்தி ஓர் உண்மையான ஆய்வைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. 2017இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பிள்ளை பெற்ற 72,394 அமெரிக்கப் பெண்களை 1989 முதல் 2011 வரை கவனித்தார்கள். எல்லாரும் என்னைப் போன்ற தாதிகள். 3,296 பேருக்கு, வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் நோய் உறுதியானது. ஒரு பிரசவத்துக்கு மூன்று மாதம் கூடுதலாகப் பாலூட்டினால் நோய் வரும் வாய்ப்பு 8 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 36 மாதமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு, கொடுக்காதவர்களைவிட 40 விழுக்காடு குறைவு.

ஆனால் இவை அதுவரை நோய் கண்டறியப்படாத பெண்களின் கணக்கு. இவளுக்குத் திருமணத்துக்கு முன்பே, இந்த நோயால் சூலகத்தில் வந்த சாக்லேட் கட்டியை எடுத்தோமே! வருவதற்கு வாய்ப்பு குறைவு என்பது வேறு, வந்தது குணமாகும் என்பது வேறு.

சித்தி, 9.11
அப்படியென்றால் பால் கொடுத்த மாதங்களில் வலி இல்லையே, அது எப்படி?

நான், 9.18
குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதனால் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், மாதவிடாய் நிற்கும். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு சூலகத்திலும் குடலருகிலும் ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். அதற்குத் தீனி ஈஸ்ட்ரோஜன். தீனி குறைந்தபோது அடங்கிக் கிடந்தது, மாதவிடாய் திரும்பியதும் வலியும் திரும்பியிருக்கலாம். பால் மட்டுமே கொடுக்கிற தாய்க்குக்கூட மாதவிடாய் சீக்கிரம் வந்துவிடுவதுண்டு.

அண்ணி, 9.22
பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். நம்பி மூன்று ஆண்டு வலியோடு இருந்தேன்.

நான், 9.24
அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது அண்ணி. எத்தனை பெண்களின் ஆண்டுகள் அதிலேயே போய்விட்டன.

அம்மா, 9.47
உங்கள் மூவருக்கும் ஒன்றரை வயதுவரை பால் கொடுத்தேன். மாதத்தில் இரண்டு நாள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகும் அது போகவில்லை. உங்கள் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தங்கை, 9.49
அம்மா...

நான், 9.55
உங்களுக்கு என்ன இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது அம்மா. ஆனால் தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு கூடும். வியாழக்கிழமை நிபுணரைப் பார்க்கும்போது அம்மாவின் வலியைப் பற்றியும் சொல், சின்னவளே. பாலூட்டுவதை மறக்காமல் சொல். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பாலைக் குறைக்கலாம், அதைப் பார்த்துத்தான் மருந்து தருவார்கள். உள்ள பாலைக் கொடு, மிச்சத்துக்குப் புட்டி இருக்கட்டும்.

அம்மா, 10.02
வியாழக்கிழமை காலை ஃபெரியில் வந்துவிடுகிறேன். குழந்தை என்னிடம் இருக்கட்டும், நீ நிதானமாகப் பார்த்துவிட்டு வா.

தங்கை, 10.03
நான் திரும்ப மதியம் ஆகலாம் அம்மா. புட்டிப்பால் கலக்க வேண்டியிருக்கும்.

அம்மா, 10.06
எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வை.