தாகம் எடுத்தால் குடித்தால் போதாதா? நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கு எதற்கு?

மழைக்குருவி:
அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் ஃபோனில் ஒரு செயலி. மணிக்கொரு தரம் 'ப்ளக்' என்று சொட்டுச் சத்தம் போடும். தாகம் இருக்கிறதோ இல்லையோ, மடக் மடக்கென்று ஒரு டம்ளர் குடிப்பார், அப்புறம் கழிவறைக்கு ஓடுவார். 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளைக்கு 2.5 லிட்டர் நீர் என்றது. இதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் கூடவே எழுதியிருந்தது. அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை! எட்டு டம்ளருக்கு ஆதாரம் தேடிய ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர், அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2002இல் எழுதினார். ரத்தம் கொஞ்சம் அடர்ந்தாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். அதை நம்பினால் போதும்.

கல்லுடைத்தவன்:
நானும் நம்பினேன். குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க வேலை, தாகமே தெரியாது. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பில் ஆரம்பித்த வலி தொடைவரை இறங்கியது. உட்கார முடியாது, படுக்க முடியாது, குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். வெளியே வந்த சிறுநீரகக் கல் ஒரு மிளகுகூட இல்லை. 'குடிப்பதை அளக்காதே, வெளியே போவதை அள. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும்' என்றார் மருத்துவர். இத்தாலியில் ஐந்தாண்டுகள் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், அதிகம் நீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 பேருக்கு.

மழைக்குருவி:
சரி, அது உங்களுக்கான வைத்தியம். எல்லாருக்கும் எப்படிச் சட்டமாகும்?

கல்லுடைத்தவன்:
முதல் கல் வரும்வரை நானும் அந்த 'எல்லாரி'ல் ஒருவன்தானே சார்.

நெடுவழி:
நான் மாரத்தான் ஓடுகிறவன். எங்கள் கூட்டத்தில் பயமே வேறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களே அதில் அதிகம். சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்றும். அதற்கு மேல் கொட்டினால் மூளை வீங்கி உயிரே போகலாம். 'நிறையக் குடி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள்.

அந்திமந்தாரை:
நெடுவழி சொல்வது ஓடுகிறவர்களுக்கு. என் அம்மாவுக்கு 78 வயது. ஒரு மாலை என்னை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பேச்சு குழறியது. பக்கவாதம் என்று பதறி ஓடினோம். நாக்கு காய்ந்து கிடந்ததைப் பார்த்து, உடம்பில் நீர் இல்லை என்றார்கள். மறுநாள் தெளிந்துவிட்டார். 'ஏம்மா குடிக்கலை?' என்றால், 'தாகம் இல்லையே' என்கிறார். வயதானால் தாக உணர்வு மங்கிவிடுமாம். மழைக்குருவி, உங்கள் விதி இங்கேதான் உதைக்கிறது.

மழைக்குருவி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. வயதானவர்களையும் கல் வந்தவர்களையும் என் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். இதய நோய்க்காக நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களையும் உங்கள் கணக்கிலிருந்து எடுங்கள். மற்றபடி டீ, காபி, மோர், பழம் எல்லாம் கணக்கில் உண்டு. எட்டு என்ற எண்ணுக்கு மட்டும் நான் மசிய மாட்டேன்.

கல்லுடைத்தவன்:
எட்டை விடுங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்ந்தால் ஒரு டம்ளர். பி வைட்டமின் மாத்திரை போட்ட அன்று மட்டும் நிறத்தை நம்பாதீர்கள், நான் ஒருமுறை பயந்தே போனேன். அப்புறம், அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் கல் வந்திருக்கும்.

மழைக்குருவி:
கேட்டேன். இரண்டு முறை வந்ததாம்.