தோத்தா போர்டையே கவுத்துடுறான், கொஞ்ச நாள் கேமே வேணாம்னு எடுத்து வச்சிடவா?

ரெண்டுவாலு_அம்மா:
வணக்கம் மக்களே, நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. பையனுக்கு 9 வயசு, ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காது, துறுதுறுன்னு இருப்பான்) ரெண்டும் இருக்கு. பொண்ணுக்கு 6. ஒன்றரை வருஷமா ரெண்டு பேருக்கும் வீட்லயே தான் படிப்பு. கணக்கு நோட்டை எடுத்தாலே இவன் கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்குவான், ஆனா ரெண்டு பகடையை கையில குடுத்தா போதும், 7 தான் அதிகமா விழும்மா, 36ல 6 வழி இருக்கு, 2க்கும் 12க்கும் ஒரே ஒரு வழிதான்னு அவனே தாள்ல கட்டம் போட்டு கண்டுபிடிச்சிட்டு ஓடி வந்து சொல்றான். அதனால எங்க வீட்ல கணக்கு வகுப்பே முக்கால்வாசி போர்டு கேம் தான்.

பிரச்சனை என்னன்னா ஆட்டம் நல்லபடியா முடியறதே இல்ல. போன வாரம் ஊனோ சீட்டு ஆடிட்டு இருந்தோம், வீட்டுக்காரர் ப்ளஸ் டூ கார்டு (அடுத்த ஆளை 2 கார்டு எடுக்க வைக்கறது) போட்டாரு, பொண்ணு அது மேல இன்னொரு ப்ளஸ் டூ போட்டா, மொத்தமா 4 கார்டு இவன் தலையில. அவ்ளோதான், கையில இருந்தது எல்லாம் பறந்துச்சு, "இது தப்பு இது தப்பு"ன்னு ஒரே கத்தல், அடங்க அரை மணி நேரம் ஆச்சு. பாம்பு ஏணியும் இதே கதை தான். வேணும்னே தோத்து பாத்தேன், அதையும் கண்டுபிடிச்சு சண்டைக்கு வர்றான். இப்ப சின்னவ அண்ணன் கூட ஆடவே மாட்டேன்னு சொல்லிட்டா, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. நிறுத்திடலாமா, இல்ல வேற மாதிரி கேம் ஏதாவது இருக்கா?

பகடைப்பைத்தியம்:
நிறுத்தாதீங்க அக்கா, எல்லாரும் ஒரே அணியா சேர்ந்து ஆடுற கேமுக்கு மாறுங்க. ஃபர்பிடன் ஐலண்ட் பாருங்க, பேண்டமிக் கேமை உருவாக்குன மேட் லீகாக் பண்ணது தான், 24 சதுர அட்டை சேர்ந்தது தான் தீவு, ஒவ்வொன்னா முழுகிட்டே வரும், அதுக்குள்ள 4 புதையலையும் எடுத்துட்டு எல்லாரும் ஹெலிகாப்டர்ல ஏறி தப்பிச்சிடணும். தோத்தா எல்லாரும் சேர்ந்து தான் தோக்கணும், எதிரி தண்ணி தான், தங்கச்சி இல்ல. ஆரம்பத்துல தண்ணி மட்டத்தை கீழ வச்சா ஈசியா இருக்கும், பழகப் பழக ஏத்திக்கலாம். பெட்டியில 10 வயசுன்னு போட்டிருக்கும், நீங்க கூட இருந்தா சின்னவளும் சமாளிச்சிடுவா.

ஒரே ஒரு எச்சரிக்கை. கணக்குல கில்லியா இருக்கற பிள்ளைங்க இந்த மாதிரி கேம்ல எல்லார் டர்னையும் தானே ஆடிடும். எங்க வீட்ல இருக்கு அப்படி ஒன்னு. நான் போர்டுல காயை நகர்த்தற வேலைக்காரி மட்டும் தான். கொஞ்சம் பெரியவனானதும் ஹனாபி வாங்குங்க, அதுல நம்ம கார்டை நாம பாக்க முடியாது, மத்தவங்களுக்கு தான் தெரியும், அதனால ஒரு ஆளே எல்லாத்தையும் ஆட்டி வைக்க முடியாது.

அவசரக்காரன்:
தினமும் ரெண்டு ஆட்டம் தோக்க விடுங்க, தானா பழகிடும். நம்மளை எல்லாம் யாரு இவ்ளோ பாத்து பாத்து வளத்தாங்க.

அமைதிப்பூனை:
மேல சொன்னவர் கோச்சுக்காதீங்க, என்னை அப்படி தான் வளத்தாங்க, நான் பழகல, விளையாடுறதையே விட்டுட்டேன். எனக்கும் ஆட்டிசம் தான், 31 வயசுல தான் தெரிஞ்சுது.

அக்கா, உங்க பையன் கத்துனதை திரும்ப படிங்க. "தோத்துட்டேன்"னு அழல, "இது தப்பு"ன்னு தான் கத்தியிருக்கான். அவன் சொன்னது சரி. ஊனோ ரூல்ஸ்படி ப்ளஸ் டூ மேல ப்ளஸ் டூ போடக்கூடாது, அடுத்த ஆள் 2 கார்டு எடுத்துட்டு டர்னை விடணும், அவ்ளோதான். அப்பா போட்ட 2 கார்டையும் உங்க பொண்ணு தான் எடுத்திருக்கணும். மேல மேல அடுக்கறது எல்லா வீட்லயும் நாமளா சேத்துக்கிட்டது. ரூல்ஸ் தாளை ஒருதரம் படிச்ச பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்னா, நடந்துட்டு இருக்கும்போது தரையை உருவுன மாதிரி. தோல்வியை தாங்கிக்கலாம், நடு ஆட்டத்துல சட்டம் மாறுறதை தாங்க முடியாது. அதுலயும் பெரியவங்களே சிரிச்சுக்கிட்டு மாத்தும்போது!

பாம்பு ஏணியை எடுத்து பரண்ல போடுங்க. அதுல நாம முடிவு எடுக்கறதுக்கு ஒன்னுமே இல்ல, நல்லா ஆடுனாலும் மோசமா ஆடுனாலும் ஒன்னுதான், எல்லாம் பகடை விழறதுல இருக்கு. அப்புறம் ஆட்டம் எப்ப முடியும்னே தெரியாது, எனக்கு அதுவும் பெரிய தொல்லையா இருந்துச்சு. எத்தனை ரவுண்டுன்னு முன்னாடியே சொல்லிட்டு ஆரம்பிங்க.

மூணுபிள்ளை_அப்பா:
பூனை சொன்னதுக்கு பெரிய லைக். இன்னொன்னு, நடு ஆட்டத்துல "சரி இப்ப மொத்தம் எவ்ளோ வருது சொல்லு"ன்னு கேக்கறீங்களா? கேட்டா விட்டுடுங்க, பாடம் நடக்குதுன்னு வாசனை பிடிச்சிடுவாங்க. நான் பண்ணி பண்ணி ஒரு நல்ல கேமையே நாசம் பண்ணேன். மூத்தவனுக்கு ஆள் வேணாம்னு தோணுற நாள்ல ரஷ் ஹவர் குடுத்துடுவேன், நெரிசல்ல மாட்டுன சிவப்பு காரை வெளிய எடுக்கற புதிர், தனியா ஆடுறது. நான் பக்கத்துல உக்காந்து துணி மடிப்பேன், அவ்ளோதான், அதுவும் சேர்ந்து இருக்கறது தான்னு வச்சுக்கிட்டேன்.

ரெண்டுவாலு_அம்மா:
10 நாள் கழிச்சு வர்றேன். அமைதிப்பூனை, உங்க பதிலை வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டினேன், அவரு நம்பல, பெட்டியில இருந்த தாளை எடுத்து பாத்தோம், பையன் சொன்னது தான் சரி. அவரு அவன்கிட்ட போய் "நான் தப்பா ஆடிட்டேன்டா"ன்னு சொன்னாரு. அவன் நிமிர்ந்து கூட பாக்கல, "தெரியும்"னான்.

இப்ப ஆட்டத்துக்கு முன்னாடி ரூல்ஸ் படிக்கறது அவன் வேலை. கலர் மாத்துற ப்ளஸ் ஃபோரை, மேல இருக்கற கலர் நம்ம கையில இருந்தா போடக்கூடாதாம், சந்தேகம் இருந்தா கார்டை காட்ட சொல்லலாமாம், இதெல்லாம் எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. நேத்து அப்பாவை காட்ட சொன்னான், மாட்டிக்கிட்டாரு, அவரே 4 கார்டு எடுத்தாரு. சின்னவ கை தட்டி சிரிச்சதை பாக்கணுமே. கடைசியில பையன் தோத்துட்டான், ரூமுக்குள்ள போய் கதவை சாத்திக்கிட்டு அழுதான் தான், ஆனா கார்டு எதுவும் பறக்கல.

தீவு கேம் இன்னும் வாங்கல. அதுல சின்னவ டர்ன்ல இவன் பேசாம இருக்க என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.