ஏரில மீன் இருக்குன்னா தண்ணி நல்லதுன்னு அர்த்தமா?

வேளச்சேரிவாசி:
எங்க வீட்டுகிட்ட இருக்குற ஏரில தண்ணி கரும்பச்சையா இருக்கு, மூக்க பொத்திட்டு தான் வாக்கிங்கே போறேன், ஆனா தூண்டில் போடுறவங்களுக்கு ஜிலேபி மாட்டிட்டே இருக்கு. மீன் உயிரோட இருக்குல்ல, அப்ப விஷம் இல்லன்றாரு பக்கத்து வீட்டு அண்ணன். சரியா?

தூண்டில்முள்:
ஜிலேபிய நம்பாதீங்க பாஸ், அது சாக்கடைலயும் குடும்பம் நடத்தும். விரால், தேளி எல்லாம் மேல வந்து காத்தையே குடிச்சிட்டு போயிடும், அதுவும் கணக்குல வராது. எங்க அப்பா காலத்துல கொசுவலைய விட்டா கெண்டைப்பொடி அள்ளிட்டு வருவாங்களாம், இப்ப ஒண்ணு காட்டுங்க பாப்போம். பழைய வலைக்காரங்க யாராவது இருந்தா என்னென்ன மீன் காணோம்னு கேளுங்க.

லேப்வாலா:
மேல சொன்னது கரெக்ட். 1981ல ஜேம்ஸ் கார்னு ஒரு அமெரிக்கர் இதையே மார்க் போடுற முறையா ஆக்கினாரு: எத்தன வகை மீன், அதுல அழுக்க தாங்காத மீன் எத்தன, உடம்புல புண்ணு கட்டி இருக்கான்னு பாத்து. நம்ம ஊர்ல ஃபேக்டரி கழிவுத்தண்ணிக்கும் மீன் டெஸ்ட் உண்டு, அதுல மீன விட்டா 96 மணி நேரம் கழிச்சு 90 சதவீதம் பொழச்சிருக்கணும்.

மீனுக்கு தண்ணில ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேணும். பச்சத்தண்ணில பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கும். அதனால வாக்கிங்க விடியறதுக்கு முன்னாடி போய் பாருங்க.

வேளச்சேரிவாசி:
இன்னிக்கு அஞ்சரைக்கு போனேன். ஐயோ, கரையோரம் பூரா மீன் வாய மட்டும் வெளிய நீட்டிட்டு பொளக் பொளக்குனு, ஏதோ தூறல் போடுதுன்னு நெனச்சு கைய நீட்டிப் பாத்தேன். எட்டு மணிக்கு ஒண்ணையும் காணோம், தூண்டில்காரங்க வந்துட்டாங்க. சாப்பிடலாமா அத?

லேப்வாலா:
வேணாம். ஈயம், பாதரசம் மாதிரி சமாச்சாரம் மீன உடனே கொல்லாது, உடம்புல சேத்து வச்சிக்கும். ஜப்பான்ல மினமாட்டான்ற ஊர்ல 1956ல வெளிய தெரிஞ்ச நோய் அப்படித்தான், பாதரசம் ஏறுன மீனத் தின்ன ஜனங்களுக்கு வந்தது. உங்க ஏரில என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது, ஆனா நான் வாங்க மாட்டேன்.

வேளச்சேரிவாசி:
அண்ணன்கிட்ட படிச்சு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நேத்து வச்ச கொழம்பு பாதி இருக்கேப்பா"ன்றாரு.