மாத ஊசியைத் தொடர்வதா, புதிய மாத்திரைக்கு மாறுவதா?

கெடிலக்கரை (கடலூர்):
என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். மாதாமாதம் ஃப்ளூஃபெனசின் ஊசி போட்டுக்கொண்டு, முதுநகர் துறைமுகத்தில் வலை சீர் செய்யும் வேலைக்குப் போய்வருகிறார். காதில் கேட்ட குரல்கள் அடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது வாயில் எதுவும் இல்லாமலே எதையோ மெல்லுவதுபோல் அவர் தாடை அசைகிறது. நாக்கு அடிக்கடி உதட்டோரம் வந்து போகிறது. வெற்றிலை போடுகிறாரா என்று கேட்காத ஆள் இல்லை. புதிதாக வந்திருக்கும் மருத்துவர், ஊசியை விட்டு ஒலான்சபின் மாத்திரைக்கு மாறலாம் என்கிறார்.

எங்கள் அப்பா சர்க்கரை நோயில் கால்விரல்களை இழந்தவர். ஒலான்சபின் எடையை ஏற்றும், சர்க்கரையைக் கூட்டும் என்கிறார்களே, அந்தப் பயம் ஒன்று. இன்னொன்று, மாத்திரை சாப்பிட்ட காலத்தில் அண்ணன் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் கொல்லையில் துப்பிவிடுவார். விழுங்கிவிட்டாரா என்று அம்மா தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அந்த அவமானம் அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை. "ஊசியே இருக்கட்டும். இனி யாருக்கும் வாயைத் திறந்து காட்ட மாட்டேன்" என்கிறார். தாடை அசைவது அவருக்கு உறுத்தவே இல்லை, உறுத்துவதெல்லாம் எங்களுக்குத்தான். பழைய மருந்து என்பதற்காகவே அதை விட்டுவிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர் (முத்தியால்பேட்டை):
சகோதரி, பழையது என்பது ஒரு குற்றமில்லை. பாரிஸில் 1952-இல் குளோர்ப்ரோமசினை மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கியபோது நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்த மருந்தின் வழிவந்ததுதான் உங்கள் அண்ணனின் ஊசியும். மருந்தை நல்லெண்ணெயில் கரைத்திருப்பார்கள். அது தசையில் தங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக இறங்கும். (நல்லெண்ணெய் என்று சொன்னதும் ஊசிக்கு மறுத்தவர்கள்கூடக் கை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஊசி இடுப்பில் என்பது வேறு விஷயம்.) 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பெர்ஃபெனசின் என்ற பழைய மருந்து, பெரும்பாலான புதிய மருந்துகளுக்குக் குறைவில்லாமல் வேலை செய்தது. ஒலான்சபினைத்தான் நோயாளிகள் அதிக காலம் தொடர்ந்தார்கள். எடை கூடியதும் அதில்தான் அதிகம்.

ஆனால் தாடை அசைவை லேசாக எண்ணாதீர்கள். அது டார்டிவ் டிஸ்கைனீசியாவாக இருக்கலாம். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நெடுங்காலம் மருந்து தடுத்துவைப்பதால் வருவது. பழைய மருந்துகள் எடுப்போரில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வருகிறது, முதியவர்களுக்கு அதைவிட அதிகம். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது போவதில்லை. அதற்காக நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள்; அசைவு சில காலம் இன்னும் கூடலாம், குரல்களும் திரும்பலாம்.

கை நடுக்கத்துக்கென்று டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை தருகிறார்களா? நடுக்கம் அதில் குறையும், ஆனால் இந்த வாய் அசைவு கூடிவிடலாம். வியர்வையையும் அது தடுக்கும் என்பதால் கத்திரி வெயிலில் வேலை பார்ப்பவருக்குக் கூடுதல் கவனம் தேவை.

நெல்லிக்குப்பம் அம்மா:
என் மகனுக்கு முதலில் ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். உட்காரவே மாட்டான். தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பான். நோய் முற்றிவிட்டது என்று அங்கே அளவைக் கூட்டினார்கள், நடை இன்னும் கூடியது. அது மருந்து தந்த தவிப்பு என்று வேறொரு மருத்துவர்தான் கண்டுபிடித்தார். ஒலான்சபினுக்கு மாறியதும் உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டான். சாப்பிட்டான் என்றால், சட்டியோடு சாப்பிட்டான். இப்போது அவனுக்கும் சர்க்கரை மாத்திரை. மறுபடி கேட்டாலும் நான் ஒலான்சபினைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்படி ஆகியிருக்கும்போது எனக்கே தயக்கமாக இருக்கிறது.

கெடிலக்கரை:
நடுக்க மாத்திரை உண்டு. அதை மட்டும் மறுக்காமல் விழுங்குகிறார். அது இன்னும் தேவையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. புதிய வகை மருந்திலும் மாத ஊசி இருக்கிறதாமே?

ஓய்வுபெற்ற செவிலியர்:
இருக்கிறது, பாலிபெரிடோன். வாய் அசைவு வரும் வாய்ப்பு பழையதைவிடக் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. விலை அதிகம், அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள், பாதியில் நின்றால் வம்பு. அண்ணனுக்கு ஊசிதான் வேண்டும் என்பதை மருத்துவரிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எதற்கு மாறினாலும் அதற்கு முன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவையுங்கள்.

இன்னொன்று. மருத்துவர் எதிரில் உட்காரும்போது பலர் தம்மை அறியாமல் வாயை அடக்கிக்கொள்வார்கள். வலை பின்னுவதில் கவனமாக இருக்கும்போதுதான் அசைவு நன்றாகத் தெரியும். அண்ணனிடம் கேட்டுவிட்டு, அப்போது கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.