ஈசினோஃபில் 300-ஐ வைத்து ஆஸ்துமாவை இரண்டாகப் பிரித்தது தப்பா?

தீசிஸ்_தவிப்பு:
சமூக மருத்துவம், இரண்டாம் வருடம். ஓபியில் 180 ஆஸ்துமா நோயாளிகளிடம் விவரம் வாங்கியிருக்கிறேன். ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் 'அலர்ஜி வகை', கீழே இருந்தால் 'மற்றது' என்று பிரித்தேன். அலர்ஜி வகையில் ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் ஆன்டிபாடி), தோல் அரிப்பு, தும்மல் எல்லாம் தூக்கலாக வருகிறது, ஆனால் விறகடுப்புப் புகைக்கு இரண்டு வகைக்கும் வித்தியாசமே இல்லை. கைடுக்கு சந்தோஷம், எனக்குத்தான் எங்கோ இடிக்கிறது.

பழைய_ஸ்டெத்:
இடிக்கத்தான் செய்யும். ஈசினோஃபிலும் ஐஜிஇயும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறுகிறவை. ஒன்றை வைத்துப் பிரித்துவிட்டு மற்றதைக் 'காரணி' என்று கண்டுபிடித்தால், நீங்கள் ஒளித்து வைத்ததை நீங்களே எடுத்த மாதிரிதான். அதோடு ஈசினோஃபில் கூடினாலே அலர்ஜி ஆகிவிடாது. நடு வயதில் ஆரம்பித்து, மூக்கில் பாலிப் என்கிற சதை வளர்ச்சியோடு, அலர்ஜி டெஸ்ட் எல்லாம் நெகட்டிவாக வருகிறவர்களுக்கும் எண்ணிக்கை எக்கச்சக்கமாக இருக்கும். நம் ஊரில் குடற்புழு வேறு, அதுவும் எண்ணிக்கையை ஏற்றிவிடும். போன வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு எண்ணிக்கை சரிந்து அவர் 'மற்றது' பக்கம் போயிருப்பார். 290-ம் 310-ம் வேறு வேறு நோயா என்ன? எண்ணை வெட்டாமல் அப்படியே வைத்து ஆராயுங்கள்.

எண்_கணக்கர்:
புகை விஷயத்தை யாரும் தொடவில்லையே. உங்களிடம் இருப்பது ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும்தானே, ஆஸ்துமா இல்லாத ஒருவர்கூட இல்லை. புகை இரண்டு வகையையும் ஒரே அளவுக்குக் கூட்டுகிறது என்றாலும் உங்கள் கணக்கில் வித்தியாசம் பூஜ்யம்தான் வரும். அதை 'புகைக்குத் தொடர்பில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஆஸ்துமா இல்லாத ஒரு கூட்டம் வேண்டும், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக அதோடு ஒப்பிட வேண்டும்.

குழந்தை_ஓபி:
எங்கள் பக்கம் இது பழைய கதை. அமெரிக்காவில் டூசான் நகரத்தில் 1980-ல் தொடங்கிய ஆய்வில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 1995-ல் வந்த கட்டுரையில் 826 பேர். மூன்று வயதுக்குள் வீசிங் (மூச்சில் விசில் சத்தம்) வந்து ஆறு வயதில் இல்லாதவர்கள் 19.9 சதவீதம், ஆறிலும் தொடர்ந்தவர்கள் 13.7. முதல் கூட்டத்தில் அம்மா சிகரெட் பிடிப்பவராக இருப்பதும், பிறந்த சில மாதங்களிலேயே நுரையீரல் செயல்திறன் குறைவாக இருப்பதும் தெரிந்தது, அம்மாவுக்கு ஆஸ்துமா, ஐஜிஇ கூடுதல் என்பதெல்லாம் தொடர்ந்தவர்களிடம்தான். 'மூன்று வயதுக்குள் வீசிங்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் இந்த வித்தியாசம் மங்கிப் போயிருக்கும். ஆனால் ஒன்று, அந்த வகைகளெல்லாம் ஆறு வயதில் திரும்பிப் பார்த்துப் பிரித்தவை. இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டால் எந்த வகை என்று சொல்ல முடியாது.

எண்_கணக்கர்:
அதேதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் இதே மாதிரி குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் வீசிங் வகைகளை மனிதர்கள் முடிவு செய்யாமல் புள்ளியியல் மாடலிடம் விட்டார்கள், ஆறு வந்தது. அங்கேயும் ஒரு குழந்தை இந்த வகையில் இருக்க 60, அந்த வகையில் இருக்க 40 சதவீதம் என்கிற மாதிரிதான் பதில் வரும். அந்த 60-ஐ 100 என்று வைத்துக்கொண்டு மேலே கணக்குப் போட்டால் தொடர்புகள் பொதுவாக நீர்த்துப் போகும்.

தீசிஸ்_தவிப்பு:
ஸ்டீராய்டு விவரம் குறித்திருக்கிறேன், கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. மலப் பரிசோதனையும் இல்லை. ஒப்பீட்டுக்கு எலும்பு முறிவு ஓபியில் ஆள் பிடிக்கலாமா?

பழைய_ஸ்டெத்:
பிடியுங்கள், அதே ஊர்களிலிருந்து வருகிறவர்களாகப் பாருங்கள். விறகடுப்புக் கேள்வியை அவர்களிடமும் அதே வார்த்தைகளில் கேளுங்கள். கைடிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி, தள்ளிப்போட்டால் அவர் அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிவிடுவார்.