'ரிலீஸ்' என்பதற்குத் தமிழ் என்ன? குழாயை விட்டு வெளியே வந்த எண்ணெய் பற்றிய ஒரு விவாதம்

கிருஷ்ணகிரி, செப்டம்பர் 18

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. எண்ணெய்க் குழாய்ப் பாதுகாப்பைப் பற்றி 24 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலத்துக்கு அடியில் குழாய் போகும் ஊர்க்காரர்கள் கேட்டது. அக்டோபர் 2 கிராமசபையில் வாசிக்கப்போகிறார்கள். 26ஆம் தேதி அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் அரசு இந்தக் குழாய்களை எப்படிக் கண்காணிக்கிறது என்று ஒரு பகுதி, நம் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பகுதி. அமெரிக்க விதியில் விபத்தை அறிவிக்கும் கடமை 'ரிலீஸ்' என்ற ஒரே சொல்லில் தொடங்குகிறது. 5 காலன் அல்லது அதற்கு மேல் 'ரிலீஸ்' ஆனால் குழாயை நடத்தும் நிறுவனம் அறிக்கை தர வேண்டும். 5 காலன் என்றால் 19 லிட்டர். நம் வீடுகளில் இருக்கும் தண்ணீர் கேன் ஒன்று. 2002க்கு முன்பு இந்த வரம்பு 50 பீப்பாயாக இருந்தது, ஏறத்தாழ 7,900 லிட்டர். ஒரு டேங்கர் லாரி அளவிலிருந்து ஒரு கேன் அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள். இதை வாசிக்கும்போது ஊர் நிமிர்ந்து உட்காரும். ஆனால் அந்த இடத்தில்தான் சொல் இல்லாமல் நிற்கிறேன்.

'கசிவு' என்றால் சின்னதாகிவிடுகிறது. 'உடைப்பு' என்றால் குழாய் பிளந்திருக்க வேண்டும். 'சிந்தல்' கைதவறிப் போனது. 'வெளியேற்றம்' என்றால் யாரோ வேண்டுமென்றே திறந்துவிட்டது போல் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் அடக்கும் ஒரு சொல் வேண்டும்.

ஓசூர், செப்டம்பர் 18

அக்கா, 'கசிவு' போதும். வாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாயில் நடந்ததையும் கசிவு என்றுதான் எழுதினார்கள், எல்லாருக்கும் புரிந்தது. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் 'லீக்' என்ற ஒரே சொல்லில் நான்கு மொழிக்காரர்கள் ஓடிவருகிறார்கள். ஆபத்துக்கு உரிய சொல் ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல்லாக இருக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்துகொடுத்து, அதை ஊர் பழகும் வரை குழாய் காத்திருக்காது.

காரிமங்கலம், செப்டம்பர் 19

ஓசூர்த் தம்பியின் அக்கறை நியாயமானது. ஆனால் கசிவு இந்த வேலைக்கு உதவாது. "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். கசிதல் உள்ளம் நெகிழ்வது, கண்ணோரம் ஈரமாவது. அது கிடக்கட்டும். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் 'கசிவுநீர்க் குட்டை' வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் நின்று, மெல்ல இறங்கி, கிணறு ஊறட்டும் என்று வெட்டியது. வறண்ட தருமபுரியில் கசிவு என்பது வேண்டிக்கொள்ளும் பொருள். அதே சொல்லை டீசல் கிணற்றில் இறங்குவதற்கும் வைத்தால் காது எச்சரிக்கை அடையாது.

என் பரிந்துரை 'சோரல்'. சோர் என்ற வினைக்கு ஒழுகுதல், வழிதல் என்பது பழைய பொருள். கண்ணீர் சோர, குருதி சோர என்றெல்லாம் வழக்கு உண்டு. இன்று களைப்புக்கு மட்டும் சோர்வு என்கிறோம்; உடலின் வலிமை ஒழுகிப் போவதே களைப்பு. கன்னடத்தில் இதே வேர் ஒழுகுதல் என்ற பொருளோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ் மறந்ததை அக்கம்பக்கம் காத்துவைத்திருக்கிறது. எடுத்துக்கொள்வதில் என்ன தயக்கம்?

ஓசூர், செப்டம்பர் 19

ஐயா சொல்வது உண்மை. எங்கள் பாட்டிக்குக் கன்னடம் தாய்மொழி. மழைக்கு ஓடு ஒழுகினால் 'சோருத்தே' என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் எடுத்து வைப்பார். ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வீடுகளில் அதையே 'காருதோந்தி' என்பார்கள். ஒரு தெருவுக்குள் மூன்று சொல். ஆகவே எல்லாரும் அறிந்த 'லீக்' அல்லது 'கசிவு' என்ற இடத்துக்கே நான் திரும்புகிறேன்.

பாலக்கோடு, செப்டம்பர் 19

எனக்கு இலக்கணம் தெரியாது. தக்காளி போடுகிறேன். என் நிலத்தின் ஓரமாகவும் குழாய் போகிறது, ஆகவே சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 'எண்ணெய் சோர்ந்துவிட்டது' என்று கிராமசபையில் வாசித்தால், எண்ணெய்க்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

எங்களுக்குக் குழாய் என்றால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய்தான். சாலையோரம் அது உடைந்தால் பனை உயரத்துக்குத் தண்ணீர் பீறிடும். ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும், யாராவது போன் செய்துவிடுவார்கள். எண்ணெய்க் குழாய் அப்படி இருக்காது என்கிறார்கள். ஒரு மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. முதலில் வரப்பில் புல் கருகும், மண்ணில் வாடை வரும், கால்வாய்த் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். பார்ப்பவனுக்கு அது கசிவா உடைப்பா என்று எப்படித் தெரியும்? எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? தெரியாமலே சொல்லக்கூடிய சொல்லாகக் கொடுங்கள்.

கிருஷ்ணகிரி, செப்டம்பர் 20

பாலக்கோடு அண்ணன் சொன்னதை நேற்றிரவிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் தேடியது என்ன என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் பார்ப்பவருக்கு அளவும் தெரியாது, காரணமும் தெரியாது, யார் தவறு என்றும் தெரியாது. அந்த மூன்றையும் தீர்மானித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும் என்ற சொல்லைக் கொடுத்தால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

பென்னாகரம், செப்டம்பர் 20

அப்படியானால் விடை தன்வினையில் இருக்கிறது. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. வெளியேறு, வெளியேற்று என்பதும் அவ்வாறே. 'அல்' விகுதி சேர்த்தால் வெளியேறல், வெளியேற்றல் என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 'அம்' சேர்க்கும்போதுதான் குழப்பம். ஏறு என்பதும் ஒற்று இரட்டித்து 'ஏற்றம்' ஆகிவிடுகிறது.

எட்டாம் வகுப்பில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையைச் சொல்லித்தான் இதை நடத்துகிறேன். மழைக்காலத்தில் அதிகாரிகள் மதகைத் திறந்தால் அது நீர் வெளியேற்றல். 2017 நவம்பரில் ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் தானாக ஓடியதே, அது நீர் வெளியேறல். ஆற்றங்கரைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே 'எண்ணெய் வெளியேறல்'. சிறியது, பெரியது, துரு, திருட்டு, மண்வாரி இயந்திரம் இடித்தது எல்லாம் அதற்குள் அடங்கும்.

காரிமங்கலம், செப்டம்பர் 20

இலக்கணம் சரி, ஒன்றைத் தவிர. 'வெளியேற்றம்' முறைப்படி தன்வினைப் பெயராகவே வரலாம். குடியேற்றம் என்றால் மக்கள் தாமே குடியேறியது. முன்னேற்றம் தானே முன்னேறியது. ஏமாற்றம் ஏமாந்தவர் படுவது. ஏமாற்றியவர் செய்தது ஏமாற்று. குடிசைகளை இடித்த செய்தியில் எல்லாம் 'வெளியேற்றம்' என்று போட்டுப் போட்டுச் சொல்லின் முகத்தை மாற்றிவிட்டார்கள். அதற்காக நாம் ஏன் ஒதுங்க வேண்டும்? மேலும் 'வெளியேறல்' உயிரற்ற அலுவலகச் சொல். அதில் திரவத்தின் ஈரம் இல்லை. மனிதரும் வெளியேறுவர், புகையும் வெளியேறும். சோரலில் திரவம் இருக்கிறது.

அரூர், செப்டம்பர் 21

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று. ஈரம் முக்கியம்தான், ஆனால் இந்தச் சொல்லின் வேலை கடிகாரத்தை ஓடவிடுவது. 2010 ஜூலை 25 மாலை, மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் கிழிந்தது. அன்றிரவே ஊர்க்காரர்கள் வாடை வருகிறது என்று அவசர எண்ணுக்குச் சொன்னார்கள். தீயணைப்புப் படை தேடிப்பார்த்துவிட்டு எதுவும் தென்படாமல் திரும்பியது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. குழாய்க்குள் ஏற்பட்ட வெற்றிடம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முறை மறுபடியும் பம்பை ஓடவிட்டார்கள். 17 மணி நேரம் கழித்து, வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் அழைத்துச் சொன்ன பிறகே வால்வுகளை மூடினார்கள். அதற்குள் 8,43,444 காலன், 31 லட்சம் லிட்டருக்கும் மேல், ஓடை வழியாகக் கலமசூ ஆற்றுக்குப் போய்விட்டது. 2012இல் அரசு விதித்த அபராதம் 37 லட்சம் டாலர். அந்த 17 மணி நேரமும் அறையில் இருந்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பெயர் மாறியிருந்தால் பம்பு நின்றிருக்கும்.

நம் பக்கம் வாருங்கள். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பெட்ரோலியம் பற்றி எரிந்தோ வெடித்தோ உயிருக்கும் உடைமைக்கும் கேடு வந்தால், அதற்குப் பொறுப்பில் இருப்பவர் அருகிலுள்ள நீதித்துறை நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ, கூடவே வெடிபொருள் தலைமை அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு நெருப்பைப் பற்றியது. நெருப்புப் பிடிக்காமல் வெறுமனே மண்ணில் இறங்கும் எண்ணெய்க்கு ஊர்வழக்கில் நமக்கு ஒரு சொல் நின்றால்தான் ஊர் கேள்வி கேட்க முடியும். 'வெளியேறல்' என் வாக்கு.

தருமபுரி, செப்டம்பர் 21

வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நூலின் தலைப்பில் 'அமலாக்கம்' என்று இருப்பதாக அறிந்தேன். காரிமங்கலம் ஐயா அதற்கும் வருவார், ஆகவே முந்திக்கொள்கிறேன். அமல் அரபு மூலம். திருமாலைப் பாடும் 'அமலன்' வேறு, அது வடமொழி, மாசற்றவன் என்ற பொருள். இந்த அமல் செயல், அதிகாரம். பன்னிரண்டு மகால் கூடிய பாராமகால் நம் மண். அமல்தார் வரி வசூலித்த மண். 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியபோது கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வந்தார்கள். மன்றோ தருமபுரியில் குடியிருந்தார். தாசில், ஜமாபந்தி, அமல் எதையும் அவர்கள் மாற்றவில்லை. இருநூறு ஆண்டு இங்கேயே உழுத சொல்லை வெளியூர்க்காரன் என்று விரட்ட வேண்டாம்.

அரூர், செப்டம்பர் 21

மூலம் எதுவாகவும் இருக்கட்டும், திசையைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டத்தில் 9ஆம் பிரிவு குழாய்க்கு மேலே கட்டடம் கூடாது, கிணறு கூடாது, மரம் கூடாது என்கிறது. மீறினால் 15ஆம் பிரிவில் தண்டனை. ஏழு மாவட்ட கெயில் எரிவாயுக் குழாய்ப் பிரச்சினை 2016இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆகவே எங்கள் ஊரில் அமலாக்கம் என்றால் அரசு விவசாயி மேல் பாய்வது. இந்த நூல் பேசுவது, குழாயை நடத்தும் நிறுவனத்தின் மேல் அரசு விதியைச் செலுத்துவதை. தலைப்பிலேயே 'நிறுவனங்கள் மீது' என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள்.

காரிமங்கலம், செப்டம்பர் 22

அமலைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. இருந்தாலும் 'முறைசெய்தல்' என்ற சொல் குறளிலேயே இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். முறை செய்து காப்பாற்றும் மன்னவனைத்தான் வள்ளுவர் இறை என்று வைக்கிறார். விதியும் அதற்குள் இருக்கிறது, காவலும் இருக்கிறது. சோரலையும் நான் கைவிடவில்லை.

கிருஷ்ணகிரி, செப்டம்பர் 24

எல்லாருக்கும் நன்றி. எழுதியவர்களில் நான்கு பேர் 'வெளியேறல்', ஒருவர் 'கசிவு', ஒருவர் 'சோரல்'. தருமபுரி ஐயா கடைசி வரை அமலிலேயே இருந்துவிட்டார். நானும் 'வெளியேறல்' பக்கம் கணக்கில் சேர்ந்திருக்கிறேன். இன்னும் நான்கு நாள் இருந்திருந்தால் இன்னொரு சொல் வந்திருக்கும், அச்சகம் தராது.

9ஆம் பக்கத்தில் தலைப்புக்கு 'எண்ணெய் வெளியேறல்'. ஆனால் வாசிக்கும் பகுதியில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 'குழாயை விட்டு எண்ணெய் எப்படி வெளியே வந்திருந்தாலும், எவ்வளவு வந்திருந்தாலும், வாடை மட்டும் வந்தாலும்' என்று வினையாகவே எழுதிவிட்டேன். காரிமங்கலம் ஐயாவின் சோரலுக்குப் பின்னிணைப்பில் இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறேன். அந்த ஆராய்ச்சி வீணாகப் போக எனக்கு மனம் இல்லை. மெய்ப்பு இணைத்திருக்கிறேன். ஒற்றுப் பிழை இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

காரிமங்கலம், செப்டம்பர் 24

இரண்டு வரிக்கு நன்றி அம்மா. 11ஆம் பக்கம் மூன்றாம் வரியில் 'குழாய் பாதை' என்று இருக்கிறது, 'ப்' சேர்க்கவும். என் கருத்து மாறவில்லை.

பாலக்கோடு, செப்டம்பர் 25

மெய்ப்பை இன்று காலை தக்காளி மண்டியில் ஐந்து பேருக்கு வாசித்துக் காட்டினேன். 'எப்படி வெளியே வந்திருந்தாலும்' என்ற வரி புரிந்தது. தண்ணீர் கேன் கணக்கை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: நாம் இதைப் படித்துக்கொண்டு போன் செய்கிறோம், அந்தப் பக்கம் எடுப்பவரிடம் இந்தச் சொல் இருக்குமா? அவர் நம்மிடம் 'கசிவா, உடைப்பா, எத்தனை லிட்டர்' என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?