லொகேஷன் ஓஃப் என்றால் போனைத் தேட முடியாதா?

கடலோரன்:
போன கிழமை கொழும்பில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போன் களவு போனது, வெள்ளவத்தையில் இறங்கும்போதுதான் கண்டேன். பேட்டரி மிச்சம் பிடிக்க லொகேஷனை எப்போதும் ஓஃப் செய்து வைப்பேன். ஆகவே அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது, பொலிஸுக்கு அலைவது வீண். சரிதானே?

டவர் அண்ணை:
பிழை தம்பி. நீ ஓஃப் செய்தது போன் தன் இடத்தைத் தானே பார்ப்பதை. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாவிட்டால் உனக்கு வரும் அழைப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சந்தேகி:
அண்ணை பெரிதாக்குகிறார். சும்மா கிடக்கும் போன் பல டவர்கள் சேர்ந்த ஒரு பகுதிக்குள் இருக்கிறது என்றுதான் தெரியும். அழைப்பு வந்தால் பகுதி முழுக்கக் கூப்பிட்டு, போன் பதில் சொன்ன பிறகுதான் எந்த டவர் என்பதே பிடிபடும்.

டவர் அண்ணை:
வாட்ஸ்அப் இருக்கிற போன் எங்கே ஐயா சும்மா கிடக்கிறது? டேட்டா இழுக்கும் ஒவ்வொரு தரமும் டவரும், அதில் எந்தத் திசை அன்டெனா என்பதும் தெரிந்துவிடும். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்துத் தூரமும் கணிக்கலாம், 2ஜியில் சுமார் 550 மீட்டர் படியாக, 4ஜியில் 78 மீட்டர் படியாக.

சந்தேகி:
அந்த 78 மீட்டருக்குள் கொழும்பு-காலி வீதியில் எத்தனை ஃபிளட், எத்தனை மாடி? அதோடு மேற்கே கடல், அங்கே டவர் இல்லை. சுற்றிவர டவர் உள்ள இடத்தில் கிடைக்கும் துல்லியம் கரையோரத்தில் கிடைக்காது.

மழைக்குருவி:
கள்ளனைத் தேடும் அதே வழியில் என்னையும் தேடலாம் என்பது உங்கள் இருவருக்கும் உறைக்கவில்லையா? 2022 இல் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சரி. என் நடமாட்டத்தை யார் கேட்டு வாங்கினார்கள் என்று எனக்கு யார் சொல்வார்?

டவர் அண்ணை:
நியாயமான கேள்வி, அதற்குத் தனியாகச் சண்டை பிடிப்போம். தம்பி, கள்ளன் உன் சிம்மை எறிந்திருப்பான். வேறு சிம் போட்டாலும் போனின் ஐஎம்இஐ இலக்கம், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், நெட்வொர்க்குக்குப் போகும். போன் வந்த பெட்டியில் 15 இலக்கம் இருக்கும், பார்.

சந்தேகி:
கழற்றிப் பாகம் பாகமாக விற்றுவிட்டால்?

கடலோரன்:
பெட்டியில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறா. ஸ்டிக்கர் பாதி கிழிந்தாலும் இலக்கம் தெரிகிறது. காலையில் பொலிஸுக்குப் போகிறேன்.